அளவு தப்பினால் முதலில் துளையைப் பாருங்கள்: ஈரநிலத்தில் நட்ட மண் கருவிகளில் பிழை தேடும் வழி

ஓர் ஈரநில ஆய்வில் நான் நட்டு வைத்த நீர்மட்டக் குழாய், மழை பெய்த ஒவ்வோர் இரவும் தண்ணீர் தரைமட்டம் வரை ஏறியதாகக் காட்டியது. விடிந்ததும் போய்ப் பார்த்தால், ஒரு மீட்டர் தள்ளித் தோண்டிய குழியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாகர் (குழாய்க்குள் தொங்கி நீர்மட்டத்தைத் தானாகப் பதியும் கருவி) கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றை மாட்டினேன். அதுவும் அதையே சொன்னது. இரண்டு மாதம் கழித்து, குழாயின் ஓரத்தில் சும்மா விரலை விட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. மழைநீர் அதன் வழியே வழிந்து நேராக அடிக்குப் போயிருக்கிறது. லாகர் பொய் சொல்லவில்லை. குழாய்க்குள் இருந்த தண்ணீரைத்தான் அளந்தது. அது மண்ணின் நீர்மட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அதிலிருந்து என் பழக்கம் இது: எண் தப்பாகத் தெரிந்தால் முதலில் துளை, அடுத்து கேபிளும் மூடியும், கடைசியாகத்தான் கருவி. கீழே உள்ளவை எல்லாம் அந்த வரிசையில் யோசித்து எழுதியவை. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதையும் பிடுங்குவதற்கு முன்

சந்தேகம் வந்ததும் கருவியை வெளியே இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தப்பு. இழுத்துவிட்டால் சாட்சி போய்விடும். முதலில் இருக்கிறபடியே படம் எடுங்கள். குழாய் தரைக்கு மேல் எத்தனை செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டேப்பால் அளந்து, நட்ட அன்று எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். (நட்ட அன்று எழுதவில்லையா? இன்றைக்காவது எழுதுங்கள்.) குழாய்க்குள் நீர்மட்டத்தைக் கையால் அளந்து, நேரத்தையும் பக்கத்திலேயே குறியுங்கள். அப்புறம் ஒரு மீட்டர் தள்ளி, ஆகரால் (மண்ணில் சுழற்றித் துளை போடும் கைக்கருவி) 50 செ.மீ. ஆழத்துக்கு ஒரு துளை போட்டு, அரைமணி நேரம் விட்டு, அதில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். களிமண்ணாக இருந்தால் இன்னும் அதிக நேரம் விட வேண்டும். இந்தத் துளைதான் உங்கள் நீதிபதி. கருவி சொல்வதையும் துளை சொல்வதையும் எதிரெதிரே வைத்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். வேலை முடிந்ததும் அதே மண்ணால் இறுக்கி மூடிவிடுங்கள்.

இன்னொன்று. பீட் மண்ணிலும் (பாதி மட்கிய செடிகளால் ஆன மண்) மெத்தென்ற சேற்றிலும் குழாயருகே நின்றுகொண்டு அளக்கக் கூடாது. உங்கள் எடையில் மண் அமுங்கி, குழாய்க்குள் நீர் ஒரு விரல்கடை ஏறிவிடும். நீங்கள் நகர்ந்ததும் இறங்கும். நடக்கவும் நிற்கவும் பலகை போட்டுக்கொள்ளுங்கள். லாகர் கோட்டில் நீங்கள் போய்வந்த நாட்களில் மட்டும் சின்னச் சின்ன முட்கள் தெரிகின்றனவா? அந்த முட்கள் நீங்கள்தான்.

மழை வந்த உடனே நீர்மட்டம் தரைக்கு எகிறுகிறது, சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது

இதற்குக் காரணம் மூன்று இருக்கலாம். மூன்றும் வரைகோட்டில் ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் தொல்லை.

முதலாவது, மேலே சொன்ன என் கதை. குழாய் ஓரமாக நீர் வழிகிறது. இதைச் சோதிக்க வறண்ட நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். லாகரை ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை பதியும்படி மாற்றிவிட்டு, குழாயைச் சுற்றித் தரையில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்திலேயே உள்ளே நீர் எழும்பினால் அடைப்பு சரியில்லை. நல்ல மணலில் மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். அங்கே தண்ணீர் எப்படியும் சட்டென்று இறங்கும்.

இரண்டாவது, மண்ணின் இயல்பு. நீர்மட்டம் தரைக்கு அருகில் இருக்கும்போது அதற்கு மேலே உள்ள மண், நுண்துளைகள் உறிஞ்சிப் பிடித்த நீரால் கிட்டத்தட்ட நிறைந்தே இருக்கும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் போதும், அந்தப் பகுதி முழுக்கச் சட்டென்று நீர்மட்டத்துக்குக் கீழே வந்துவிடும். சில மில்லிமீட்டர் மழைக்கே பல செ.மீ. உயர்வு வருவது இதனால்தான். இது பிழை இல்லை, உண்மையான நீர்மட்டம். நீதிபதித் துளையிலும் அதே உயர்வு தெரியும்.

மூன்றாவது, கனமழையில் மேல்மண் முழுக்க நனைந்து மூடிக்கொள்ளும்போது, அதற்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே மாட்டிய காற்று அமுங்கும். அமுங்கிய காற்று நீரைக் குழாய்க்குள் தள்ளும். லிஸ்ஸே விளைவு என்பார்கள். மழை பெய்யும்போதே வேகமாக ஏறி, காற்று வெளியேறியதும் வந்த வேகத்திலேயே இறங்கும். இதற்கு மருந்து எதுவும் கிடையாது. தரவில் குறித்துவைத்து, அந்த மணிநேரங்களைத் தனியாகப் பார்க்க வேண்டியதுதான்.

முதல் காரணம் என்றால் குழாயை எடுத்துத் திரும்ப நட வேண்டும். சுற்றி மண்ணைத் தட்டி இறுக்கினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, ஒரு மழைக்குத் தாங்கும். துளையைக் குழாயைவிடக் கொஞ்சம் அகலமாக்கி, ஓட்டைகள் உள்ள பகுதியைச் சுற்றிச் சுத்தமான மணல் நிரப்புங்கள். மேல் 10 செ.மீ. அளவுக்குப் பென்டோனைட் (நனைந்தால் வீங்கி அடைக்கும் களிமண்) துகள் போட்டு நனைத்து ஊறவிடுங்கள். அதற்கு மேல் மண்ணைக் குழாயிலிருந்து வெளிப்பக்கம் சரியும்படி சின்ன மேடாகக் குவியுங்கள். கரிசல் போலக் காய்ந்தால் வெடிக்கும் களிமண்ணில் பென்டோனைட்டும் சேர்ந்து வெடிக்கும். அங்கே ஒவ்வொரு வறட்சிக்குப் பிறகும் போய், விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்த்து நிரப்ப வேண்டும். ஒருமுறை செய்தால் முடிந்தது என்ற வேலை இல்லை இது.

இதில் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 2005-இல் வெளியிட்ட நீர்மட்டக் கண்காணிப்பு விதிமுறையின்படி, ஓர் இடத்தை ஈரநிலம் என்று சொல்ல, வளர்பருவத்தில் தொடர்ந்து 14 நாட்களாவது தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும், அல்லது நீர்மட்டம் தரையிலிருந்து 30 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பத்தில் ஐந்து ஆண்டுகளாவது அப்படி நடக்க வேண்டும். கணக்கு "தொடர்ந்து" என்ற சொல்லில் இருக்கிறது. 13-ஆம் நாள் குழாய் தப்பாகக் காட்டினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஓரமாக வழிந்த தண்ணீர், இல்லாத ஈரநிலத்தை உருவாக்கும். அடைபட்ட குழாய், இருக்கிற ஈரநிலத்தை மறைத்துவிடும்.

சுற்றிலும் சேறு, குழாய் மட்டும் காய்ந்து கிடக்கிறது

குழாயை எவ்வளவு ஆழத்துக்கு இறக்கினீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். நிறைய பேர் "ஆழம் போனால் நல்லதுதானே" என்று ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் இறக்கிவிடுகிறார்கள். பல ஈரநிலங்களில் தண்ணீர் இறுகிய ஒரு களிப்படலத்தின் மேல்தான் தங்கி நிற்கும். குழாய் அந்தப் படலத்தைத் துளைத்துப் போனால், குளத்தின் அடியில் ஓட்டை போட்ட கதைதான். மேலே உள்ள நீர் குழாய் வழியே கீழே வடிந்துவிடும். அதற்கு நேர்மாறாக, கீழே அழுத்தத்தில் இருக்கும் நீர் குழாய்க்குள் மேலேறி, இல்லாத மேல்நீரைக் காட்டுவதும் உண்டு. மேல் 30 செ.மீ. ஈரம்தான் உங்கள் கேள்வி என்றால் 40 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான குழாயே போதும். கீழே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பக்கத்திலேயே தனியாக ஒரு பீசோமீட்டர் நடுங்கள். அடியில் மட்டும் ஓட்டை உள்ள குழாய் அது. இரண்டையும் ஒரே குழாயில் முடிக்கப் பார்த்தால் இரண்டுக்குமே பதில் கிடைக்காது.

ஆழம் சரி என்றால் துளையின் சுவரைப் பாருங்கள். ஈரக் களிமண்ணில் ஆகரைச் சுழற்றினால் சுவர், குயவர் தேய்த்த பானை மாதிரி பளபளவென்று மெழுகிவிடும். அந்த மெழுகல் வழியே தண்ணீர் உள்ளே வராது. நான் செய்வது: குழாய்க்குள் இருக்கும் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, எவ்வளவு நேரத்தில் பழைய மட்டத்துக்குத் திரும்புகிறது என்று பார்ப்பேன். அறவே காய்ந்திருந்தால் கொஞ்சம் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்ப்பேன். மணலில் நிமிடக் கணக்கு, களிமண்ணில் மணிக்கணக்கு. ஒரு நாள் கழித்தும் அசையவில்லை என்றால் சுவர் மெழுகியிருக்கிறது அல்லது குழாயின் ஓட்டைகள் நுண்மண்ணால் அடைபட்டிருக்கின்றன. ஓட்டை அடைப்பு என்றால் உள்ளே நீரை ஊற்றி, ஒரு தடியால் பிஸ்டன் மாதிரி மேலும் கீழும் அசைத்துக் கலக்கி, கலங்கலை வெளியே இறைத்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். மெழுகல் என்றால் குழாயை எடுத்துவிட்டு, சுவரைக் கம்பித் தூரிகையால் கீறிவிட்டு மறுபடி நட வேண்டும்.

மூடியையும் ஒரு பார்வை பாருங்கள். மூடியில் காற்றுத் துளை இல்லையென்றால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு நீர் ஏறாது. துளை இருந்தும் பூச்சி கூடு கட்டி அடைத்திருக்கும். ஊசியால் குத்தினால் போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே பாதி நாள் நடந்து போய் அரை நிமிடம் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

நீர்மட்டக் கோடு தினமும் பகலில் இறங்கி இரவில் ஏறுகிறது

அவசரப்பட்டுப் பிழை என்று முடிவு செய்யாதீர்கள். செடிகள் பகலில் நீரை உறிஞ்சும், இரவில் நிறுத்தும். நீர்மட்டம் அதைப் பின்தொடர்ந்து பகல் முழுக்க இறங்கி, மாலையில் அடிமட்டம் தொட்டு, இரவில் மெல்லத் தேறும். 1932-இலேயே டபிள்யூ. என். ஒயிட் என்ற நிலத்தடி நீர் ஆய்வாளர் இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து செடிகள் குடிக்கும் நீரைக் கணக்கிட வழி சொல்லிவிட்டார். உங்கள் கோடு மேகமூட்டமான நாட்களில் தட்டையாகி, இலை உதிர்ந்த பருவத்தில் மறைந்தும் போனால் அது செடிகளின் மூச்சு. வைத்துக்கொள்ளுங்கள், நல்ல தரவு.

வெயில் ஏறும் நேரத்தோடு ஒட்டிக்கொண்டு, இலையில்லாத காலத்திலும் விடாமல் ஆடுகிறது என்றால் காற்றழுத்தத்தை அளக்கும் லாகரைத் தேடுங்கள். நீருக்குள் இருக்கும் காற்றுக்குழல் இல்லாத லாகர், நீரின் எடையையும் காற்றின் எடையையும் சேர்த்துத்தான் அளக்கும். வெளியே வைத்த இன்னொரு லாகரின் அளவைக் கழித்தால்தான் நீர் மட்டும் மிஞ்சும். அந்த வெளி லாகரை வெயில் படும் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டால் அது தன் சூட்டையும் சேர்த்து எழுதும். நிழலில், வெப்பம் அதிகம் மாறாத இடத்தில் வையுங்கள். வெள்ளம் எட்டாத உயரத்தில், ஒரு காலிக் குழாய்க்குள் தொங்கவிடுவது என் வழக்கம்.

காற்றழுத்தத்தைக் கழிக்காமலே விட்டால் என்ன ஆகும்? 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் ஏறக்குறைய 1 செ.மீ. நீர் மாறியதாகத் தெரியும். புயல் சின்னம் ஒன்று கடந்து அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் விழுந்தால், மழை கொட்டும் நேரத்தில் நீர்மட்டம் 20 செ.மீ. இறங்கியதாகக் கோடு காட்டும். இரண்டு லாகர்களின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை என்றால் கழித்த பிறகும் பல்பல்லாக வரும். அப்போது முதலில் கடிகாரங்களைத்தான் பாருங்கள்.

கையளவும் லாகரும் ஒத்துப்போகவில்லை

ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வித்தியாசமா, போகப் போகக் கூடுகிறதா? ஒரே அளவு என்றால் தொங்கும் கயிற்றின் நீளத்தைத் தப்பாக எழுதியிருப்பீர்கள். கழித்துச் சரிசெய்துகொள்ளலாம். கூடிக்கொண்டே போகிறது என்றால் கயிறு நீள்கிறது (நைலான் நீளும், நீளாத எஃகுக் கம்பிக்கு மாறுங்கள்), அல்லது சென்சார் தடம் மாறுகிறது, அல்லது குழாயே நகர்கிறது.

குழாய் நகர்வதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. உறைபனி விழும் இடங்களில் மண் உறைந்து விரியும்போது குழாயைக் கவ்வி மேலே தூக்கும். வீங்கும் களிமண்ணும் அதையே செய்யும். அடி மூடிய காலிக் குழாய் வெள்ளத்தில் மிதக்கவே பார்க்கும். பீட்டில் இன்னொரு விசித்திரம்: குழாய் அசையாது, தரைதான் தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும். அங்கே நீர்மட்டத்தைத் தரையிலிருந்து சொல்வதா, அடியில் உள்ள கனிம மண்ணில் ஊன்றிய குழாயிலிருந்து சொல்வதா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் கலந்து எழுதிய ஏட்டை யாராலும் பிறகு பிரிக்க முடியாது. ஒவ்வொரு வருகையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் உயரத்தை அளக்கச் சொன்னது இதற்குத்தான்.

கோடு அசையாமல் ஒரே நேராகப் போகிறதா? நீர் லாகருக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த நாட்களுக்கு "இந்த ஆழத்துக்கும் கீழே" என்று மட்டும்தான் எழுதலாம், எண் எழுதக் கூடாது.

ஐரிஸ் குழாய்: சாயம் போகவே இல்லை, அல்லது எல்லாம் போய்விட்டது

ஐரிஸ் குழாய் என்பது இரும்பு ஆக்சைடு சாயம் பூசிய சாதாரண பிவிசி குழாய். மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து நுண்ணுயிர்கள் இரும்பைப் பயன்படுத்தத் தொடங்கினால் சாயம் கரைந்து, பிவிசியின் வெள்ளை தெரியும். மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை. அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்த கருவி. வழக்கமாக ஒரே இடத்தில் ஐந்து குழாய் நட்டு, சுமார் நான்கு வாரம் விடுவார்கள். அமெரிக்க ஈரமண் குழுவின் விதிப்படி, ஒரு மண்ணை ஈரமண் (நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்த மண்) என்று சொல்ல, ஐந்தில் மூன்று குழாய்களிலாவது 15 செ.மீ. நீளமுள்ள ஒரு பட்டையில் 30 விழுக்காடு சாயம் போயிருக்க வேண்டும். அந்தப் பட்டை தரையிலிருந்து 15 செ.மீ.க்குள் தொடங்க வேண்டும்.

வெளியே இழுக்கும் அந்த நொடியைச் சொல்லிவிடுகிறேன். குழாயைக் கொஞ்சம் திருகி மெதுவாக இழுக்கும்போது முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். சேறு வழுக்கிக்கொண்டு, பாதிக் குழாய் கருப்பாக வெளியே வரும். அந்தக் கருப்பு, கந்தகத்தோடு சேர்ந்த இரும்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றுப் பட்டு மங்கத் தொடங்கும். வாளித் தண்ணீரில் விரலால் மெல்லத் தடவிக் கழுவி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, அங்கேயே படம் எடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று பையில் போட்டால் மாலையில் அது வேறு குழாய்.

சாயம் நீளவாக்கில் கோடு கோடாகப் போயிருந்தால் அது மண்ணின் வேலை இல்லை. உள்ளே இறக்கும்போது கல்லும் மணலும் கீறியவை. அதே விட்டமுள்ள கம்பியால் முதலில் வழித்துளை போட்டுவிட்டு இறக்குங்கள். நுண்ணுயிர்கள் எடுத்த சாயம் திட்டுத் திட்டாக, ஓரம் மங்கலாக, சில சமயம் செத்த வேரைப் பின்தொடர்ந்து வளைந்து போயிருக்கும். ஒருமுறை கண் பழகிவிட்டால் குழப்பம் வராது.

கழுவும்போதே சாயம் கையோடு வந்துவிட்டால் பூச்சு பிடிக்கவில்லை. சாயத்தில் ஃபெரிஹைட்ரைட், கோயதைட் என்று இரண்டு தாதுக்கள் இருக்கும். ஃபெரிஹைட்ரைட் எளிதில் கரையும், ஆனால் அதிகமானால் குழாயில் ஒட்டாது. கோயதைட் நன்றாக ஒட்டும், ஆனால் லேசில் கரையாது. வைத்திருக்க வைத்திருக்க முதலாவது இரண்டாவதாக மாறிக்கொண்டே போகும். ஆகவே புதுச் சாயமும் ஆபத்து, பழைய சாயமும் ஆபத்து. நடும் முன் ஒரு குழாயை நனைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே தொகுதிச் சாயத்திலிருந்து பூசுங்கள்.

சரி, தண்ணீர் நின்றும் சாயம் அப்படியே இருக்கிறது என்றால்? மண்ணின் வெப்பத்தைப் பாருங்கள். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நுண்ணுயிர்கள் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். மட்கு குறைந்த மண்ணில் அவற்றுக்குச் சாப்பாடு இல்லை. ஓடும் நீர் என்றால் ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும். நைட்ரேட்டும் மாங்கனீசும் நிறைய இருந்தால் அவை தீர்ந்த பிறகுதான் இரும்பின் முறை வரும். இவை எதுவும் இல்லை என்றால் மறுபடியும் அதே பழைய கேள்வி: குழாய் மண்ணோடு ஒட்டி இருக்கிறதா? வழித்துளை ஒரு நூல் அகலமாக இருந்தாலும் அந்த இடைவெளியில் காற்றோ புதுநீரோ இறங்கிக்கொண்டிருக்கும்.

ரெடாக்ஸ் எண்கள் தாறுமாறாக இருக்கின்றன

ரெடாக்ஸ் என்பது மண்ணில் ஆக்சிஜன் எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று காட்டும் மின்னழுத்தம், மில்லிவோல்ட்டில். ஒரே ஆழத்தில் ஐந்து பிளாட்டினம் முனைகள், ஐந்தும் வேறு வேறு எண். புதிதாக வருகிறவர்கள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். இதில் பயப்பட ஒன்றுமில்லை. முனை மிளகு அளவு, மண்ணோ ஒரு விரல் தூரத்தில் வேறு உலகம். ஐந்து வைப்பதே அதனால்தான்.

ஒன்று மட்டும் எப்போதும் உயரத்தில் ஒட்டிக்கொண்டு, நீர் நிறைந்த பிறகும் இறங்கவில்லை என்றால் அதன் முனை காற்றிடைவெளியில் மாட்டியிருக்கிறது. இரண்டு மூன்று செ.மீ. தள்ளி மறுபடி குத்துங்கள். ஐந்தும் சேர்ந்து ஒரே அளவு நகர்ந்தால் முனைகளை விட்டுவிட்டு, ஒப்பீட்டு மின்முனையை (முனைகளின் அளவை எதனோடு ஒப்பிடுகிறோமோ அது) பாருங்கள். அதன் உப்புக் கரைசல் வற்றியிருக்கும், அல்லது அதைக் குத்திய மேல்மண் காய்ந்திருக்கும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி அளங்கள்.

மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் நழுவிக்கொண்டே போகிறதா? சாதாரண மல்டிமீட்டரைப் பயன்படுத்துகிறீர்கள். அதன் உள்தடை பொதுவாக 10 மெகாஓம். பிளாட்டினம் முனைக்கு அது போதாது. அளக்கும்போதே மின்னோட்டத்தை உறிஞ்சி, அளக்கும் பொருளையே மாற்றிவிடும். உள்தடை மிக அதிகமான மீட்டர் வேண்டும்.

முனையே சந்தேகம் என்றால் பிஎச் 4, பிஎச் 7 பஃபர்களில் (பிஎச் மாறாத கரைசல்கள்) குவின்ஹைட்ரோன் பொடியைக் கரைத்துச் சோதியுங்கள். நிறைவுற்ற உப்புக் கரைசல் கொண்ட வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனையோடு, 25 டிகிரியில், முதலாவதில் சுமார் 263, இரண்டாவதில் சுமார் 86 மில்லிவோல்ட் வர வேண்டும். 10-க்கு மேல் விலகினால் முனையை மிருதுவான உப்புத்தாளால் தேய்த்துக் கழுவி, மறுபடி பாருங்கள். அப்போதும் தேறவில்லை என்றால் எபாக்சி கசிந்து தண்ணீர் உள்ளே இருக்கும் செம்புக் கம்பியைத் தொட்டிருக்கும். அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கடைசியாகக் கணக்கு. மீட்டரில் தெரிவது முடிவு இல்லை. மேலே சொன்ன வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனைக்குச் சுமார் 200 மில்லிவோல்ட் கூட்ட வேண்டும். மீட்டரில் −50 என்றால் மண்ணின் மதிப்பு 150. ஈரமண் என்று சொல்ல மதிப்பு எந்த எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும் பிஎச்சைப் பொறுத்து மாறும்: 595-இலிருந்து பிஎச்சின் 60 மடங்கைக் கழியுங்கள். பிஎச் 7-இல் 175, பிஎச் 5-இல் 295. ஆக, பிஎச் எடுக்காமல் எழுதிய ரெடாக்ஸ் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நான் பார்த்த ஏடுகளில் அதிகம் விடுபட்டிருந்தது பிஎச் எழுதும் கட்டம்தான்.

சாயச் சொட்டு எல்லா இடத்திலும் சிவக்கிறது

ஆல்ஃபா-ஆல்ஃபா டைபிரிடில் கரைசல் கரைந்த இரும்பைக் கண்டால் இளஞ்சிவப்பாகும். இரும்பு மண்வெட்டி உரசிய முகத்தில் விட்டால் மண்வெட்டியின் இரும்புக்கே சிவக்கும். கையால் புதிதாகப் பிளந்த முகத்தில் விடுங்கள். வெயிலிலும் விடாதீர்கள், ஒளி பட்டாலே பொய்ச் சிவப்பு வரும். எங்குமே சிவக்கவில்லை என்றால் வண்டியில் வெயிலில் கிடந்து கரைசல் கெட்டிருக்கலாம்.

ஈரப்பத சென்சார்: தொப்பலாக நனைந்த மண்ணில் 30 விழுக்காடு

இவை நேரடியாக நீரை அளப்பதில்லை. மண்ணின் மின்காப்பு மாறிலியை அளந்து நீராக மாற்றுகின்றன. நீருக்கு அது 80, காற்றுக்கு 1, தாதுக்களுக்கு 3 முதல் 5 வரை. சென்சாரின் முள்ளுக்கும் மண்ணுக்கும் நடுவே நூல் அகலம் காற்று இருந்தாலும் எண் தரைமட்டமாகிவிடுவது ஏன் என்று இப்போது புரியும். துளையின் பக்கச் சுவரில், தொடாத மண்ணில், ஆட்டாமல் ஒரே நேராகக் குத்த வேண்டும். உள்ளே போகவில்லை என்று அசைத்து அசைத்துத் தள்ளினால் நீங்களே காற்றிடைவெளி செய்கிறீர்கள்.

பீட்டில் கதை வேறு. அதன் துளைவெளி 90 விழுக்காட்டைக்கூடத் தொடும். தொழிற்சாலையில் போட்டுத் தரும் சமன்பாடோ கனிம மண்ணுக்கானது. அந்த மண்ணையே எடுத்து, நனைத்து, எடைபோட்டு, காயவைத்து உங்கள் சமன்பாட்டை நீங்களே போட வேண்டும். எண் துளைவெளியைவிட அதிகமாக வந்தால் உப்பு. உவர் சதுப்பில் இது தினப்படி சங்கதி. மின்கடத்துதிறனையும் சேர்த்து அளக்கும் சென்சார் இல்லாமல் அங்கே இறங்காதீர்கள்.

எண்ணே வரவில்லை

ஒரே கம்பியில் இரண்டு எஸ்டிஐ-12 சென்சார்களை (முகவரி வைத்து ஒரே கம்பியில் பல சென்சார்கள் லாகரோடு பேசும் முறை) மாட்டியதும் இரண்டுமே ஊமையாகிவிட்டனவா? இரண்டுமே 0 என்ற முகவரியோடு வந்திருக்கும். ஒன்றை மட்டும் மாட்டி அதன் முகவரியை 1 ஆக்கிவிட்டு, மற்றதைச் சேருங்கள். களத்துக்குப் போகும் முன் மேசையிலேயே செய்துவிட்டு, சென்சாரின் கழுத்தில் நாடா ஒட்டி முகவரியை எழுதுங்கள்.

−9999 வந்தால் கேபிள். எலி கடித்த இடம் பெரும்பாலும் தரைக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள அந்த ஒரு சாண் நீளத்தில்தான் இருக்கும். அதை மட்டும் குழாய்க்குள் விட்டு மூடுங்கள். பெட்டிக்குள் கேபிள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். இல்லையென்றால் மழைநீர் கேபிள் வழியே நேராக உள்ளே நடந்து போகும். சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறியிருந்தால் மாற்றுங்கள். பேட்டரியின் வோல்ட்டை விடியற்காலையில் பாருங்கள், வெயிலில் எல்லா பேட்டரியும் நன்றாகத்தான் இருக்கும்.